வருத்தக்காரரைப் பார்க்காத டொக்டர்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து ஒரு கிழமைக்குள் சீனன்குடாவிலிருந்து திருகோணமலை நகரம் வரைக்கும் வீதியோரம் பதாகைகள் ஏறிவிடும். மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம் பெரிதாக இருக்கும். அதன் கீழே மாவட்ட நிலை, இசட் புள்ளி, படிப்பித்த ஆசிரியர்களின் பெயர்கள், ரியூட்டரியின் தொலைபேசி இலக்கம். பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைக்கும். உயிரியல் விஞ்ஞானத்துக்கு எடுபட்ட பிள்ளையின் படத்தை நான் எந்தப் பதாகையிலும் கண்டதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனால் செத்த வீட்டுக்குப் போனது போல இருக்கும். "மூண்டு தரமும் எழுதியாச்சு சேர், என்ன செய்யிறது, சயன்ஸ்தான் கிடைச்சது" என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுவார்.

டொக்டராவதுதான் படிப்பின் முடிவு, விஞ்ஞானம் அதைத் தவறவிட்டவர்களுக்கு என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூன்று சமூகமும் சேர்ந்து வாழும் சீனன்குடாவில் மூன்று வீட்டிலும் இதையே கேட்கலாம். இதிலிருந்து அடுத்த நம்பிக்கை தானாகவே பிறக்கிறது. டொக்டரான ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனால், அவர் ஒரு படி இறங்கிவிட்டார் என்று நினைக்கிறோம். நுண்ணுயிரியலிலோ மருந்தியலிலோ இருக்கும் வைத்தியரைக் காட்டி, "அவர் டொக்டர்தான், ஆனா வருத்தக்காரரைப் பார்க்கிற டொக்டர் இல்லை" என்பார்கள். சொல்லும் தொனியில் ஓர் இரக்கம் இருக்கும். கலியாணப் பேச்சில் அந்த இரக்கம் பேரமாக மாறும்.

நான் இந்த மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். இந்த நம்பிக்கை எங்கள் ஊர்களில் ஆட்களைக் கொல்கிறது என்று சொல்கிறேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் மிச்சத்தையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

என்னிடம் படித்த பிள்ளையொருத்தியின் தகப்பனுக்குத் தம்பலகாமத்தில் வயல். சீனி வருத்தமும் இருந்தது. ஒரு மாரியில் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல், உடம்பு வற்றல். நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. காசம் என்று வைத்து மருந்து தொடங்கினார்கள். சளியில் காசக்கிருமி ஒருமுறையும் அகப்படவில்லை. ஆனாலும் மருந்து மாதக்கணக்கில் ஓடியது. மனிதர் படுத்த படுக்கையானார். கடைசியில் வேறொரு மாவட்டத்து வைத்தியசாலையில் இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு பெண் வைத்தியர், "இது ஏதோ வெளியிலிருந்து கலந்த கிருமி" என்று தட்டைக் குப்பையில் போடாமல் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அது மெலியோய்டோசிஸ். மருந்து மாறியது, மனிதர் தப்பினார்.

அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போகும்வரை நின்று என்னிடம் கேட்டாள்: "சேர், அந்தக் கிருமி மண்ணில இருக்கிறதாம். எங்கட வயல் மண்ணில. அப்ப ஏன் சேர் அது எங்கட புத்தகத்தில இல்லை?"

மருத்துவ ஆய்வாளர் ஒருவருக்கு வேண்டிய முதல் தகுதி அந்தக் கேள்விக்குள் இருந்தது. எங்கள் ஊர் அவளுக்குச் சொன்ன பதில், "இதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதல்ல மெடிசினுக்கு எடுபடு" என்பது. எடுபட்ட பிறகு, "முதல்ல பாஸ் பண்ணு." பாஸ் பண்ணினால், "முதல்ல ஸ்பெஷலிஸ்ட் ஆகு." அந்தப் பிறகு என்ற நாள் எப்போதும் வருவதில்லை.

அந்த நோயின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1911இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோர் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேத பரிசோதனைகள் செய்தபோது, வழக்கத்தில் இல்லாத ஒரு வகைச் சீழ்க்கட்டிகளை நுரையீரலிலும் ஈரலிலும் கண்டார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் மோர்பின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். யாரும் அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இவர்கள் இருவரும் அந்தச் சீழை எடுத்து வளர்த்தார்கள், கிருமியைப் பிரித்தார்கள், 1912இல் இந்தியன் மெடிக்கல் கசெட் இதழில் எழுதினார்கள். விட்மோரின் நோய் என்ற பெயர் உலகத்தில் நின்றது. கிருஷ்ணசாமி என்ற பெயர் எங்கள் பிள்ளைகளின் காதில் விழுந்ததே இல்லை. நான் படிப்பித்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

இலங்கையில் 1927இல் ஓர் ஐரோப்பியருக்கு இந்த நோய் இருந்ததாகப் பதிவானது. அதன் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இங்கே ஒன்றோ இரண்டோ என்ற அளவில்தான் நோயாளிகள் பதிவானார்கள். நோய் இல்லை என்பதல்ல காரணம், யாரும் தேடவில்லை. கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரெயா தேடத் தொடங்கினார். வைத்தியசாலை ஆய்வுக்கூடங்களில் வளரும் சந்தேகமான கிருமிகளைத் தமக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டார். வந்தவற்றைச் சோதித்தார். கிழக்கு மாகாணம் உட்பட நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வெளிப்பட்டார்கள். வயலில் இறங்குகிறவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், மாரி காலத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள். அரிய நோய் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது இந்த மண்ணில் வேரூன்றிய நோயாக இருந்தது.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. வளர்ப்புத் தட்டில் முதல்நாள் சாதாரணமாகத் தெரியும் புள்ளிகள் மூன்றாம் நான்காம் நாளில் சுருக்கம் விழுந்து காய்ந்துவிடும். மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தால் ஜென்டமைசின் வில்லையை ஒட்டிக் கிருமி தாராளமாக வளர்ந்திருக்கும். கோ-அமொக்ஸிகிளாவ் வில்லையைச் சுற்றி வெறுமையான வட்டம் விழுந்திருக்கும். இந்தச் சேர்க்கையைக் கண்டால் எச்சரிக்கையாகு என்று ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் எந்த மாவட்ட வைத்தியசாலையிலும் பிடிபடும். சொல்லிக்கொடுக்க ஒருவர் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவர் வாட்டில் ஸ்டெதஸ்கோப்போடு நின்றவர் அல்ல, எங்கள் ஊர் இரக்கப்படும் அந்த வருத்தக்காரரைப் பார்க்காத டொக்டர். தம்பலகாமத்து விவசாயி தப்பியது அவரைப் போன்ற ஒருவரால்.

ஒரு நோய் பெயர் பெறாதவரை அதற்கான மருந்தை எந்தக் களஞ்சியமும் வாங்கி வைக்காது. மெலியோய்டோசிஸுக்கு நாளத்தின் வழியே செஃப்டசிடிமோ மெரோபெனமோ நாள்தோறும் ஏற்ற வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. காசநோய் மருந்து அதை அசைக்காது. சாதாரண நெஞ்சுச்சளிக்குக் கொடுக்கும் பல மருந்துகளும் அசைக்காது. காரணம் தெரியாத காய்ச்சல் என்று கட்டில் தலைப்பில் எழுதப்பட்டு, நான்காம் நாள் வெள்ளைத் துணி போர்த்தி அனுப்பப்பட்ட விவசாயிகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கிண்ணியாவை எடுத்துக்கொள்வோம். குடாவுக்கு அந்தப் பக்கம், பாலம் கடந்தால் வந்துவிடும் ஊர். 2017 மார்ச்சில் அங்கே டெங்கு கொளுத்தியது. வைத்தியசாலையில் கட்டில் போதாமல் ஆட்கள் நிலத்தில் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். அந்த ஆண்டு முழு நாட்டிலும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் ஏன் அப்படி? குப்பை, தேங்கிய நீர், நுளம்பு எல்லாம் அதற்கு முந்திய ஆண்டும் இருந்தன. ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு வைரஸின் வகைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தது. 2009 தொடங்கிப் பெருமளவில் முதலாம் வகை பரவிவந்த இடத்தில் இரண்டாம் வகை மேலோங்கியதை அவர்கள் காட்டினார்கள். அந்த வகைக்குப் பழக்கமில்லாத உடல்கள் நாடு நிறைய இருந்தன. மலவிகே மருத்துவம் படித்தவர், பிறகு ஒக்ஸ்போர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். கிண்ணியாவில் அடுத்த முறை என்ன வகை பரவுகிறது என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும் என்றால் அப்படிப்பட்ட படிப்புப் படித்தவர்கள் வேண்டும். கிண்ணியாப் பிள்ளையும் சீனன்குடாப் பிள்ளையும் அதைப் படிக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இப்போது எனக்கு எதிராகச் சொல்லப்படும் கதைகளுக்கு வருகிறேன். அவற்றில் ஒன்று நியாயமானது, அதை முதலில் எடுக்கிறேன். "இந்த மாவட்டத்தில் நோயாளியைப் பார்க்கவே வைத்தியர் போதாது. வருகிறவர்களும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டே போனவர்கள் எத்தனை பேர். இந்த நிலைமையில் ஆராய்ச்சிக்கு ஆளை ஒதுக்குவது ஆடம்பரம்" என்று பொறுப்பானவர்களே சொல்கிறார்கள்.

இதற்குப் பதில் சென்னையில் இருக்கிறது. 1950களில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேண்டும் என்பதுதான் உலக வைத்தியம். இந்தியாவில் இருந்த காசநோயாளிகளுக்கு அந்தக் கட்டில்களை ஒருநாளும் கட்டி முடித்திருக்க முடியாது. இன்னும் கட்டில், இன்னும் டொக்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் வேறு விதமாகக் கேட்டது: உண்மையில் கட்டில் தேவைதானா? நெரிசலான ஏழை வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மறு பகுதியினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பகுதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வெளிவந்தது. போதிய சாப்பாடில்லாமல், நெருக்கியடித்த வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார்கள். வீட்டாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு பெருங்காரணம். இன்றைக்குக் கிண்ணியாவில் ஒரு மீனவர் வீட்டில் இருந்துகொண்டே காசநோய் மாத்திரை விழுங்கிக் குணமாகிறார் என்றால், சென்னையின் சேரி வீடுகளில் சிலர் ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டதன் பலன் அது. கட்டிலும் டொக்டரும் குறைந்த ஊருக்குத்தான் ஆராய்ச்சி அவசரம். இருப்பதை எங்கே செலவழிப்பது என்று அதுதான் சொல்லித்தரும்.

அடுத்தது, "அதுக்கெல்லாம் பெரிய லாப் வேணும், கோடிக்கணக்கில காசு வேணும்" என்பது. 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமன் தம்மிடம் படித்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பொன்று கொடுத்தார். எயிட்ஸ் கிருமி சென்னையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அது மேற்கு நாடுகளின் நோய், இங்கே வராது என்பது அன்றைய பொது நம்பிக்கை. நிர்மலாவுக்கே தயக்கம் இருந்தது. பாலியல் தொழிலாளர்களைத் தேடிப்போய், பேசி, இரத்த மாதிரி சேர்த்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டுபோனார். அங்கே வைரஸ் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜேக்கப் ஜான் உதவினார். தட்டைத் திறந்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாகியிருந்தன. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதற்கான முதல் சான்று அதுதான். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கும் அளவுக்குப் போன செய்தியை, பட்டப்பின் படிப்பு மாணவியொருத்தி ஐஸ் பெட்டியும் ரயில் டிக்கெட்டும் கொண்டு தொடங்கிவைத்தார். அவருக்குப் பின்னால் கேள்வியைக் கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியை இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது அந்த ஆசிரியைதான்.

"வெள்ளைக்காரர் வந்து செய்வார்கள்" என்பது மூன்றாவது. வந்து செய்தார்கள், உண்மை. 1990களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவைச் சேர்ந்த மைக்கல் எடில்ஸ்டன் மருத்துவ மாணவராக அநுராதபுரத்துக்கு வந்தார். வேறொன்றைப் படிக்க வந்தவர். வாட்டுகளில் விவசாய நஞ்சு உட்கொண்ட இளம் ஆட்கள் நிறைந்திருப்பதைக் கண்டு தம்முடைய கேள்வியையே மாற்றிக்கொண்டார். நஞ்சருந்தியவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரித்தூள் கொடுப்பது உயிரைக் காக்குமா என்று அநுராதபுரம், பொலனறுவை உட்பட மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, காக்கவில்லை என்று 2008இல் காட்டியது. பொலனறுவை எங்கள் பக்கத்து மாவட்டம். அதே வாட்டில் அதே நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்த எங்கள் வைத்தியர்கள் எத்தனையோ பேர். கண்ணும் கையும் அறிவும் அவர்களுக்கும் இருந்தன. கேட்பதற்குப் பழக்கப்பட்டிருக்கவில்லை, கேட்பதற்கு நேரமும் தரப்படவில்லை.

கேட்கப் பழகியவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் சட்ட மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ நஞ்சியலுக்குத் தம் காலத்தைக் கொடுத்து, தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தை உருவாக்கினார். எந்தப் பூச்சிமருந்து கொல்கிறது என்ற கணக்கு கையில் இருந்ததால்தான் அதிக நச்சுள்ள பீடைகொல்லிகளுக்கு 1995லும் எண்டோசல்பானுக்கு 1998லும் தடை வந்தது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்று உச்சத்தில் நின்ற தற்கொலை வீதம் பத்து வருடத்தில் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. முந்திய பத்தாண்டோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை ஏறக்குறைய 20,000 மரணங்கள் குறைவு. அந்த இருபதாயிரம் பேரில் ஒருவரும் எந்த டொக்டரின் அறை வாசலிலும் நம்பர் எடுத்துக் காத்திருக்கவில்லை. தங்களைக் காப்பாற்றியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்து வயல்காரரும் அவர்களில் இருக்கிறார்கள். வருத்தக்காரரைப் பார்க்காத டொக்டரின் கணக்கு இப்படித்தான் ஏறும்.

வெளிநாட்டில் எங்கள் ஆள் ஒருவர் ஆராய்ச்சியில் பெயரெடுத்தால் மட்டும் நாங்கள் கொண்டாடுகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து போய்ப் பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் ரோயல் கல்லூரிக்குத் தலைவரான சபாரத்தினம் அருள்குமரனின் பெயரைச் சொல்லாத பரிசளிப்பு விழா இல்லை. அவர் பெயர் பெற்றது பிரசவம் பார்த்ததால் மட்டும் அல்ல, பிரசவ நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பை வாசிப்பது பற்றி ஆராய்ந்து எழுதியதாலும்தான். விழாப் பேச்சில் அந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் மேல் குத்தப்படும் இன்னொரு முத்திரையும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. எங்கள் வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவு. அதனால், "இந்தப் பிள்ளை மெடிசின் முடிச்சாலே பெரிய விசயம், ஆராய்ச்சியாவது" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். இசட் புள்ளி என்பது பத்தொன்பது வயதில் மூன்று பாடங்களில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட எங்கே நின்றது என்ற கணக்கு. வெள்ளைமணலில் இருந்து விடியப் பஸ் ஏறி நகரத்து ரியூட்டரிக்குப் போய், பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் புள்ளியை எடுத்த பிள்ளையையும், வீட்டுக்கு ஆசிரியர் வந்த பிள்ளையையும் அது ஒரே வரியில் நிறுத்துகிறது. பீடத்துக்குள் போனபின் இருவருக்கும் ஒரே பரீட்சை, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் படித்துவிட்டுப் போய் முதல் வருடம் உடற்கூற்றியலையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படித்துத் தேறுகிற பிள்ளைக்கு ஆராய்ச்சிக்கு வேண்டிய பொறுமை இல்லையென்று சொல்ல யாருக்குத் தகுதி? வயலையும் கடலையும் கிணற்று நீரையும் அறிந்த பிள்ளைக்கு எந்தக் கேள்வி முக்கியம் என்பது கொழும்பில் வளர்ந்தவரை விட முன்னரே தெரியும். பதவிசிறீபுரப் பக்கத்து விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோய்க்கு மூலகாரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவர் அதை விடாமல் துரத்துவார்.

பிழையில் எங்கள் பங்கும் இருக்கிறது, ஆசிரியர்களின் பங்கு. கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை, புள்ளித் திட்டம் என்று இரண்டு வருடம் பிள்ளையைப் பழக்குகிறோம். விடை இருக்கும் கேள்விகளை மட்டுமே அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பீடத்துக்குப் போனபின், பல இடங்களில் குழுவாகச் செய்யும் ஓர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. ஆர்வமுள்ள விரிவுரையாளர் அகப்பட்டால் அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பும். அகப்படாவிட்டால் வினாக்கொத்து நிரப்பிச் சமர்ப்பிப்பதோடு முடியும். ஐந்து வருடம் முடிந்து, உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருந்து, அந்த ஒரு வருடத்தை நித்திரையில்லாமல் கடந்து, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்குப் படித்து, விசேட நிபுணராகும்போது வயது முப்பத்தைந்தைத் தொடும். இடையில் எந்த இடத்திலும், "இந்த ஒரு வருடம் நோயாளிகளிடமிருந்து உன்னை விடுவிக்கிறோம், ஒரு கேள்வியைத் துரத்து, சம்பளம் தருகிறோம்" என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1964இலேயே தேசிய சுகாதார நிறுவனங்கள் மருத்துவப் பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்க உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. கற்கைக் கட்டணமும் கிடைக்கும், வாழ்க்கைச் செலவும் கிடைக்கும். ஏழு எட்டு வருடம் எடுக்கும் அந்தப் பாதையை அவர்கள் தியாகம் என்று சொல்லி விட்டுவிடவில்லை, காசு கொடுத்துக் கட்டினார்கள்.

காசு என்ற இடத்தில் நான் தாய் தகப்பனோடு சண்டைக்குப் போக மாட்டேன். காப்பு அடகில் இருக்கிறது, தங்கச்சிக்குக் கலியாணம் பேச வேண்டும், பிள்ளை எப்போது உழைக்கும் என்று பார்த்திருக்கும் வீட்டில் போய் ஆராய்ச்சியின் பெருமையைப் பேசுவது கொடுமை. சனலிங் போகும் வைத்தியர் உழைப்பதை ஆய்வு வைத்தியர் உழைக்க மாட்டார். அந்தத் தகப்பனின் பயம் நியாயம். அவருடைய பயத்தைப் பயன்படுத்தி, ஆராய்ச்சி கீழான வேலை என்று ஒரு தத்துவத்தைக் கட்டிவைத்திருக்கும் படித்த சமூகத்தோடுதான் எனக்கு வழக்கு. பயத்துக்குப் பரிகாரம் உண்டு. அது உதவித்தொகை.

அந்தத் தம்பலகாமத்து விவசாயியின் மகள் இப்போது மருத்துவ பீடத்தில் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது தகப்பனின் வயலிலும் பக்கத்து வயல்களிலும் மண்ணெடுத்துச் சோதிக்க வழி உண்டா என்று கேட்டாள். அந்தக் கிருமியை வளர்க்கப் பாதுகாப்பான ஆய்வுக்கூடம் வேண்டும், அனுபவமுள்ள மேற்பார்வையாளர் வேண்டும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைக்கப் பீடம் ஒத்துக்கொள்ள வேண்டும், அந்த வருடம் வீடு ஓட வேண்டும். முதல் நான்கும் இந்த நாட்டில் தேடினால் கிடைக்கக்கூடியவை. ஐந்தாவதைத்தான் யாரும் தர ஆயத்தமில்லை. "ஒரு வருசம் பிந்தினா பட்ச்சில பின்னுக்குப் போயிடுவாய்" என்று பெரியப்பா முறையான ஒருவர் என் முன்னாலேயே அவளுக்குச் சொன்னார். அவர் வெளிநாட்டில் இருந்து வந்தவர், ஊர்ப் பிள்ளைகளின் ரியூஷனுக்கு வருடாவருடம் காசு அனுப்புகிறவர், நல்ல மனிதர்.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் இந்த மாவட்டத்துக்குச் செய்கிற உதவியை நான் மதிக்கிறேன். செயலட்டை, இலவசக் கருத்தரங்கு, புலமைப்பரிசில் எல்லாம் பிள்ளையை மருத்துவ பீடத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுகின்றன. வாசலோடு நிற்க வேண்டாம் என்று கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு மருத்துவ மாணவர், ஒரு வருட ஆய்வு, திருகோணமலை மாவட்டத்து நோயொன்று, அவர் வீட்டுக்கு மாதாந்தம் ஒரு தொகை. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன; மேற்பார்வையாளரை அங்கேயே தேடத் தொடங்கலாம். எடுபட்ட பிள்ளையின் படத்தோடு, அவர் எந்தக் கேள்விக்கு விடை கண்டார் என்ற செய்தியும் பதாகையில் ஏறட்டும். இந்த யோசனையை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதுகிறேன். பதில் வராத சங்கங்களுக்குத் திரும்பவும் எழுதுவேன்.